வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வருவது எப்படி? இலங்கையின் அருவிகளும் மடுக்களும்

மலையகத்தில் நீராடச் சென்றவர்கள் நீரில் மூழ்கிப் பலியானார்கள் என்ற செய்தி விடுமுறைக் காலம் தவறாமல் வருகிறது. படிப்பவர்களுக்கு எழும் குழப்பமும் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். அன்றைக்கு மழை இல்லை, நல்ல வெயில். போனவர்களுக்கு நீச்சல் தெரியும். மடுவும் பார்க்க அப்படியொன்றும் பெரியதில்லை. பிறகு எப்படி நடந்தது?

இந்த மூன்றும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் மூன்றுமே கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்லப்படுபவை. மலை மடுவின் நிலையைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: மேலே பெய்யும் மழை, மேலே இருக்கும் அணை, தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறை. இவற்றில் ஒன்றுகூடக் கரையிலிருந்து தெரியாது. அதனால்தான் இறங்குவதா வேண்டாமா என்ற முடிவைப் பெரும்பாலும் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே எடுக்கவேண்டியிருக்கிறது.

## படிக்கட்டாக இறங்கும் நாடு

இலங்கையின் மத்திய மலைநாடு பீதுருதாலகாலவில் 2,524 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து நிலம் ஒரே சரிவாகக் கடலுக்கு இறங்குவதில்லை. உயர்ந்த மேட்டுநிலம், செங்குத்தான சுவர், இடைப்பட்ட மேட்டுநிலம், இன்னொரு சுவர், பிறகு தாழ்நிலம் என்று படிப்படியாக இறங்குகிறது. அப்புத்தளையில் நின்று தெற்கே பார்த்தால் இந்தச் சுவரின் உயரம் வயிற்றைக் கலக்கும். ஆறுகள் இந்தப் படிகளின் விளிம்பைத் தாண்டும் இடங்களில் அருவிகள் பிறக்கின்றன. நாட்டின் மிக உயரமான பம்பரகந்த (263 மீற்றர்), அடுத்ததான தியலும (220 மீற்றர்) இரண்டும் தெற்குச் சுவரில்தான் இருக்கின்றன.

சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெயர்ப் பலகைகளில் வரும் 'எல்ல' என்பது அருவியைக் குறிக்கும் சிங்களச் சொல். 'ஓயா' என்றால் சிற்றாறு. 'மடு' நம்முடைய பழைய சொல். ஆற்றின் போக்கில் ஆழமாகக் குழிந்து தண்ணீர் தங்கும் இடம். அருவி விழுந்து விழுந்து அடியில் குடைந்ததும் மடுதான், ஓடும் நீர் பாறையைக் கடைந்து உண்டாக்கியதும் மடுதான். 'நீரேந்து பகுதி' என்பது பெய்யும் மழையெல்லாம் வடிந்து ஒரே ஓடையில் வந்து சேரும் மேல்நிலப் பரப்பு. இந்தக் கட்டுரையின் அச்சாணியே இந்தக் கடைசிச் சொல்தான்.

## மேலே பெய்த மழை

குளிக்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்பது கேள்வியே அல்ல. நீரேந்து பகுதியில் பெய்கிறதா என்பதுதான் கேள்வி. அது ஒரு மலை முகட்டுக்கு அப்பால், நான்கைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். கணக்காகப் பார்த்தால் இப்படி:

1. ஓர் ஓடையின் நீரேந்து பகுதி 10 சதுர கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மலையகத்தில் இது சிறிய அளவுதான்.
2. அங்கே ஒரு மணி நேரத்தில் 10 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இடியுடன் வரும் பிற்பகல் மழைக்கு இது சாதாரணம். விழுந்த நீர் 1,00,000 கன மீற்றர்.
3. அதில் பாதி மண்ணில் ஊறிவிட்டது, மீதிப் பாதி ஒரு மணி நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்கிறது என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 14 கன மீற்றர். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன். அதாவது முழங்கால் அளவு தண்ணீர் சலசலத்த இடத்தில் வினாடிக்கு 14 தொன் தண்ணீர்.
4. மண் ஏற்கனவே ஊறிப்போயிருந்தால் பாதிகூட உள்ளே போகாது. முந்தைய நாட்களில் தொடர்ந்து மழை பெய்திருந்தால் இன்றைய சிறு மழையும் பெருவெள்ளமாக வரும்.

செங்குத்தான சரிவும் ஒடுங்கிய பள்ளத்தாக்கும் இந்த நீரைப் பரவவிடுவதில்லை. சமவெளி ஆற்றில் வெள்ளம் மணிக்கணக்காக ஏறும்; மலை ஓடையில் சில நிமிடங்களில் ஏறிவிடும். கீழே நிற்பவர்களின் தலைக்கு மேல் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

வெள்ளம் வருமுன் சில அடையாளங்கள் தெரியும். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகும். காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் திடீரென்று அதிகமாக மிதந்து வரும். சற்றுமுன் நீருக்கு மேல் தெரிந்த கல் இப்போது தெரியாது. அருவியின் இரைச்சல் கனத்து, கற்கள் உருளும் சத்தம் அதோடு கலக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பையும் பையையும் தேடிக்கொண்டிருக்காமல் மேலே ஏறவேண்டும். கரையோரமாகக் கீழ்நோக்கி ஓடக்கூடாது, ஏனென்றால் வெள்ளமும் அந்த வழியாகத்தான் வருகிறது. உயிரிழப்புகளில் வேதனையான ஒரு வகை, அக்கரையிலோ நடுப்பாறையிலோ இருந்தவர்கள் தண்ணீர் ஏறுவதைக் கண்டு இக்கரைக்குக் கடக்க முயலும்போது நடப்பது. அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருப்பதே மேல். வேகமாக ஏறிய மலை வெள்ளம் பெரும்பாலும் வேகமாக வடியவும் செய்யும்.

## மேலே இருக்கும் அணை

நம்மை அருவிக்கு இழுக்கும் அதே உயரம்தான் மின்பொறியியலாளர்களையும் இழுத்தது. டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே இந்த ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வாதிட்டார். லக்ஷபான திட்டத்தின் முதற்கட்டம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. இன்று களனி கங்கையின் கிளைகளான கெசல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா இரண்டிலும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை, நோர்ட்டன்பிரிட்ஜ், கென்யோன், லக்ஷபான என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. அபர்டீன் (98 மீற்றர்), லக்ஷபான போன்ற புகழ்பெற்ற அருவிகள் இதே ஆறுகளில்தான் இருக்கின்றன.

இதனால் இரண்டு விளைவுகள். அணை நீரை மறிப்பதால் கீழே ஆறு பெரும்பாலான நாட்களில் அடங்கிக் கிடக்கிறது. பாறைகள் வெளியே தெரிகின்றன. மடு தெளிந்து அழைக்கிறது. மழைக்காலத்தில் நீர்த்தேக்கம் நிரம்பியதும் வான்கதவு திறக்கப்படுகிறது, அடங்கிக் கிடந்த அதே ஆறு திடீரென்று எழுகிறது. 'வான்கதவுகள் திறப்பு, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானம்' என்று மழைக்காலத்தில் அடிக்கடி வரும் செய்தி, அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் சொல்லப்படுவதல்ல. அன்று அந்த ஆற்றில் குளிக்கத் திட்டமிட்டிருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தும். கதவு திறக்காத நாளிலும் மின்நிலையம் இயங்கத் தொடங்கும்போது கீழே நீர்மட்டம் மாறும். களனி கங்கைக் கரையில் உள்ள கித்துல்கலையில் படகோட்டும் இளைஞர்களுக்கு இது அத்துப்படி. அவர்களின் தொழிலே மேலிருந்து வரும் நீரை நம்பியது. ஊருக்குப் புதியவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதில் குறைந்துபோக எதுவும் இல்லை.

தலவாக்கலையில் உள்ள சென்கிளேயர் (80 மீற்றர்) கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கொத்மலை ஓயாவில் 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது, அருவி அழிந்துவிடும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் மலையக மக்களும் எதிர்த்தார்கள். கடைசியில் பகல் வேளையில் அருவிக்குத் தண்ணீர் விடுவது என்ற ஏற்பாட்டோடு திட்டம் 2012 இல் நிறைவேறியது. வீதியோரம் நின்று நாம் படம் எடுக்கும் அந்த வெண்ணிறத் தோகை, ஓர் இணக்கத்தின்பேரில் திறந்துவிடப்படும் நீர். மழை கொட்டி வான்கதவுகள் திறக்கும் நாளில் அங்கே பாயும் நீருக்கு அந்த இணக்கமெல்லாம் தெரியாது.

## தண்ணீருக்குள் நடப்பது

மழையும் இல்லை, அணையும் இல்லை, ஓடை அமைதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அருவி மடு குளமோ நீச்சல் தடாகமோ ஆகிவிடாது. காரணங்கள் வருமாறு:

1. வெள்ளை நீர் தாங்காது. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை விட ஒரு நூலிழைதான் குறைவு. அதனால்தான் நுரையீரலில் காற்றோடு மிதக்கிறோம். அருவி விழும் இடத்தில் நீரோடு காற்றுக் குமிழிகள் கலந்து நுரைக்கின்றன. அந்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கு காற்றாக இருந்தாலே போதும், அதன் அடர்த்தி நம் உடலைவிடக் குறைந்துவிடும். எவ்வளவு நன்றாக நீந்துபவரும் அங்கே தாழ்வார். கைகால் அடித்தாலும் பிடிமானமாகத் தள்ளுவதற்கு முழு நீர் இல்லை.

2. நீர் பின்னோக்கி இழுக்கும். மேலிருந்து விழும் தாரை அடிவரை போய், சற்றுத் தள்ளி மேலே எழும்பி, அதன் ஒரு பகுதி மேற்பரப்பு வழியாக மறுபடி அருவியை நோக்கியே திரும்புகிறது. இந்தச் சுழற்சியில் அகப்பட்டவரை அருவி இழுத்து அமுக்கி, எழுப்பி, மீண்டும் இழுக்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அவர் நீந்தி அருவிப் பக்கம் போவது போலத்தான் தெரியும்.

3. அடியில் குகைகள் உண்டு. இந்த மலைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான உருமாறிய பாறைகளால் ஆனவை. இவ்வளவு கடினமான பாறை சீராகத் தேய்வதில்லை. வெடிப்புகள் வழியாகத்தான் அரிபடும். பள்ளத்தில் சிக்கிய கூழாங்கல் சுழன்று சுழன்று குடம் போன்ற குழியைக் கடையும். இப்படி உண்டாகும் மடுக்களில் வாய் சிறுத்தும் வயிறு பெருத்தும் இருக்கும். ஒரு மடுவிலிருந்து அடுத்ததற்குப் பாறைக்கு அடியால் நீர் போகும் துவாரங்களும் இருக்கலாம். நீர் நுழையும் துவாரத்தில் கால் சிக்கினால் மேலே உள்ள நீர் முழுவதும் அந்தக் காலை அழுத்திக்கொண்டிருக்கும்.

4. ஆழம் நிலையானதல்ல. ஒவ்வொரு வெள்ளமும் மணலையும் பாறாங்கற்களையும் இடம்மாற்றும். போன வருடம் குதித்த இடத்தில் இந்த வருடம் ஒரு பாறை உட்கார்ந்திருக்கலாம். 5 மீற்றர் உயரத்திலிருந்து குதிப்பவர் நீரைத் தொடும்போது மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பார். 10 மீற்றரில் இருந்து என்றால் 50 கிலோமீற்றர். கழுத்தெலும்பு முறிந்தவருக்குக் கைகால் அசையாது. மூழ்குவதற்கு அதற்குப் பிறகு இடுப்பளவுத் தண்ணீரே போதும்.

5. குளிர் மூச்சை வாங்கும். உயர்ந்த மலைப்பகுதியின் ஓடை நீர், வியர்த்து ஏறி வந்த உடலுக்கு ஓர் அடி போல இருக்கும். சட்டென்று பாய்ந்து இறங்கினால் நம்மை அறியாமலே மூச்சை உள்ளே இழுப்போம். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றை அல்ல. கைகால் முகத்தை நனைத்து, மெல்ல இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

6. பாசி. ஈரப்பாறையின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பாசிப்படலம் இருக்கும். கரும்பாறை மட்டுமல்ல, சுத்தமாகத் தெரியும் பாறையும் வழுக்கும். தியலுமவின் உச்சியில் உள்ள மடுக்களுக்கு இது மிகவும் பொருந்தும். கீழே நின்று பார்க்கும் 220 மீற்றர் செங்குத்தின் விளிம்புக்கு மேலேதான் அந்த மடுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கடைசி மடுவிலிருந்து வழியும் நீர் எங்கே போகிறது என்பதை மறந்து படம் எடுக்கும் ஆசையில் விளிம்புக்குப் போவது, இந்தத் தீவில் ஒருவர் செய்யக்கூடிய ஆபத்தான காரியங்களில் ஒன்று. உச்சி மடுக்களில் குளிப்பதாக இருந்தால் விளிம்பிலிருந்து எட்ட இருப்பவற்றில் மட்டுமே குளிக்கவேண்டும்.

## தலைக்கு மேல் விழும் அருவி

தமிழர்களுக்கு அருவி என்றால் அடியில் போய் நின்று தலையில் வாங்குவது. குற்றாலம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. ஆனால் குற்றாலத்தில் குளிக்கும் இடத்தில் தளம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, நீர்வரத்து கூடியதும் தடைவிதிக்கப் பொலிஸார் இருக்கிறார்கள். அவ்வளவு இருந்தும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. இலங்கையின் பெரும்பாலான எல்லகளில் கம்பியும் இல்லை, தளமும் இல்லை. அருவிக்கு அடியில் இருப்பது மடு.

நீரோடு கல்லும் மரமும் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். குருவிட்டைக்கு அருகே உள்ள போபத் எல்ல, மேலே குறுகிக் கீழே அரசிலை போல விரியும் அழகான அருவி. உயரம் 30 மீற்றர்தான். அந்த உயரத்திலிருந்து விழும் ஒரு கல் கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். அருவி நீரைத் தலையில் வாங்கியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு மலையகத் தோட்டங்களில் பீலி இருக்கிறது. ஊற்று நீரைக் குழாய் வைத்து இறக்கி, தோட்ட மக்கள் தலைமுறைகளாகக் குளித்துவரும் இடம். அனுமதி கேட்டு, அவர்கள் குளிக்கும் நேரத்துக்கு இடையூறு இல்லாமல் போனால் அதைவிடச் சுகமான குளியல் கிடையாது.

## எந்த மாதம், எந்தச் சரிவு

பார்ப்பதற்கு ஏற்ற பருவமும் குளிப்பதற்கு ஏற்ற பருவமும் ஒன்றல்ல. அருவி முழு அழகோடு கொட்டும் வாரங்களில் மடு ஆபத்தாக இருக்கும். மடு அமைதியாக இருக்கும் வாரங்களில் அருவி மெலிந்து நூலாகிவிடும். ஒரே பயணத்தில் இரண்டையும் எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மேற்குச் சரிவில் இருக்கும் டெவோன், சென்கிளேயர், அபர்டீன், லக்ஷபான, போபத் எல்ல போன்றவற்றுக்கு மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை நீர் தரும். கிழக்கு, தெற்குச் சரிவுகளில் இருக்கும் துன்ஹிந்த, இராவணா எல்ல, தியலும, பம்பரகந்த ஆகியவை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நிறைந்து ஓடும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அப்பக்கம் வறண்ட காற்று வீசும். பம்பரகந்த அப்போது பாறையில் ஒட்டிய வெள்ளை நூலாகத் தெரியும். பெப்ரவரி, மார்ச் தொடக்கம் வரை இரு சரிவுகளிலும் ஓரளவு அமைதி உண்டு.

பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச் இறுதி, ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் தனி ரகம். காலை பளிச்சென்று விடியும். மதியத்துக்குள் மலைமுகட்டில் முகில் குவியும். பிற்பகலில் இடி முழங்கி ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். தொடக்கத்தில் கேட்ட 'வெயில் அடித்ததே' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் விடை இருக்கிறது.

இப்போது விடுமுறைகளைப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை ஏப்ரல் நடுவில் வருகிறது. நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், நாடே மலையேறுகிறது. அது பிற்பகல் இடிமழையின் மாதம். வெசாக், பொசொன் விடுமுறைகள் தென்மேல் பருவமழை தொடங்கும் வேளையில் வருகின்றன. டிசம்பர் பாடசாலை விடுமுறை கிழக்குச் சரிவின் மழைக்காலத்தில் வருகிறது. விபத்துகள் விடுமுறைகளில் குவிவதற்குக் கூட்டம் ஒரு காரணம் என்றால், நாட்காட்டி இன்னொரு காரணம்.

மழைக்காலத்தில் மண்சரிவும் இதோடு சேர்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் எனப்படும் வரிசைவீட்டுக் குடியிருப்புகளை மண் மூடியது. அந்த இடம் இருப்பது தியலும இருக்கும் அதே கொஸ்லந்தைப் பகுதியில்தான். அருவிக்கு அழகு தரும் செங்குத்துச் சரிவு, அங்கே வாழும் தோட்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால இரவெல்லாம் பயம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் குறித்து மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. போகும் பிரதேசத்துக்கு அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிவைப்பது, அங்கே வாழ்பவர்களை மீட்கப் போகவேண்டியவர்களின் சுமையையும் குறைக்கும்.

## போகும் நாளில்

1. காலையில் போய், மதியத்துக்கு முன் தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள். இடைப்பருவ மாதங்களில் இதற்கு விலக்கே கிடையாது.
2. முந்தைய இரண்டு மூன்று நாள் மழைச் செய்தியையும் வான்கதவுச் செய்தியையும் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.
3. கடைக்காரரிடமோ ஓட்டோக்காரரிடமோ 'இங்கே குளிக்கலாமா?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'நீங்கள் உங்கள் பிள்ளைகளை எந்த இடத்தில் குளிக்க விடுவீர்கள்?' என்று கேளுங்கள். கிடைக்கும் பதில் வேறாக இருக்கும். அபாயப் பலகை இருக்கும் மடுவில் அந்தக் கேள்விக்கும் இடமில்லை.
4. நீர் விழும் மடுவை விட்டு, அதற்குக் கீழே ஓடை பரந்து, அடிமணல் தெரியும் இடத்தைத் தேருங்கள்.
5. மது அருந்தியவரை இறங்கவிடாதீர்கள். இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

## ஒருவர் மூழ்கினால்

ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாக இறப்பது, பெரும்பாலும் முதலாமவரைக் காப்பாற்ற அடுத்தவர் பாய்வதால்தான். நீந்தத் தெரிந்த அண்ணனையும் அதே சுழல்தான் இழுக்கிறது. கரையில் இருந்தபடி கயிறு, நீண்ட கம்பு, முடிச்சுப்போட்ட சாரம் அல்லது சேலை எறியுங்கள். இறுக மூடிய 5 லீற்றர் வெற்றுப் போத்தல் ஏறத்தாழ 5 கிலோ எடையைத் தாங்கும். ஒருவரின் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க அது உதவும். 

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். அந்தப் பழைய முறைகள் நேரத்தை வீணாக்கும், வயிற்றிலுள்ளதை நுரையீரலுக்குள் தள்ளும். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, இன்னொருவர் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கட்டும். மூச்சுத் திரும்பினாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும்; நீர் புகுந்த நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.

## வீடு திரும்பிய பிறகு

மலை நீர் தெளிவாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் போகும். இலங்கையில் 2008 இல் 7,000 க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. மழைக்குப் பின் கலங்கிய நீரில் ஆபத்து அதிகம், வயல்களுக்குக் கீழே ஓடும் நீரில் இன்னும் அதிகம். அட்டைக் கடியோ கல்லில் சிராய்த்த காயமோ இருந்தால் நீரில் இறங்காமல் இருப்பது நல்லது.

இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும். கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, தலைவலியோடு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டிய முதல் வாக்கியம், இத்தனை நாளைக்கு முன் இந்த ஆற்றில் குளித்தேன் என்பது. தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டால் பெரும்பாலும் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே குணமாகிவிடும். தாமதமானால் சிறுநீரகம் வரை போகும்.